எழுந்ததும் எங்கே போகிறது கனவு?

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் ஓட்டோ லோவி. ஈஸ்டர் சமயத்து இரவு ஒன்றில் விழித்தவர், கனவில் வந்த யோசனையைத் துண்டுச் சீட்டில் கிறுக்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. கனவும் நினைவில் இல்லை.

அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இம்முறை அவர் படுக்கவில்லை. நேரே ஆய்வகத்துக்குப் போய்த் தவளை இதயங்களில் சோதனையைத் தொடங்கினார். நரம்பு வேதிப்பொருள் மூலமாகவே இதயத்துக்குச் சேதி அனுப்புகிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது. 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

“எனக்குக் கனவே வராது” என்பவர்களுக்கும் பெரும்பாலும் கனவு வரத்தான் செய்கிறது. தங்குவதில்லை, அவ்வளவுதான்.

தூங்குகிறவரின் இமைக்கடியில் கண்கள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டு என்று 1953-ல் அறிவித்தவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும். 1957-ல் டிமென்டும் கிளைட்மனும் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு 80 தடவை கனவைச் சொன்னார்கள். மற்ற நேரங்களில் எழுப்பியபோது 7 தடவைதான்.

ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம் முன்னிரவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடியலை நெருங்க நெருங்க நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். பலிக்கிறதோ இல்லையோ, நினைவில் நிற்க அதற்கே வாய்ப்பு அதிகம். நள்ளிரவு தாண்டிப் படுத்து ஐந்து மணி அலாரத்துக்கு எழுகிறவர் பறிகொடுப்பது இந்தப் பகுதியைத்தான். படுக்குமுன் குடிக்கும் மதுவும் முன்னிரவில் இக்கட்டத்தைக் குறைத்துவிடுகிறது.

பிரான்சின் லியோன் நகரில் ஆய்வாளர் பெரின் ரூபியின் குழு கண்டது இன்னொன்று: கனவை அடிக்கடி நினைவுகூர்பவர்கள் இரவில் தூக்கத்தின் இடையிடையே விழித்திருக்கும் நேரம், மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தூங்கும் மூளை புதியதைப் பதித்துக்கொள்வதில் மந்தம். அந்தக் குறுவிழிப்புகள் கனவைப் பதிக்க அவகாசம் தருகின்றன என்பது அவர்கள் விளக்கம்.

அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சீக்கிரம் படுத்துப் போதிய அளவு தூங்கட்டும். விழித்ததும் கைபேசியைத் தேடாமல், புரளாமல், கடைசிக் காட்சியைப் பிடித்துப் பின்னோக்கிப் போகட்டும். தலைமாட்டில் ஒரு நோட்டு இருந்தால், கிடைத்ததை முழு வாக்கியமாக உடனே எழுதிவிடலாம். தினமும் எழுதிவந்தால் நினைவில் நிற்கும் கனவுகளும் கூடும்.