ஒலியை மாற்றிக்கொள்ளும் உரிமை யாருக்கு?

1981 மே மாத இறுதியில், நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் உள்ள பாண்ட்ஸ் அரங்கில், லண்டனைச் சேர்ந்த ‘தி கிளாஷ்’ ராக் இசைக்குழு தன் தொடர் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. தமக்கு முன்னதாக மேடையேறுமாறு அக்குழுவினர் அழைத்திருந்தவர்கள், பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்களான கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் ஃபியூரியஸ் ஃபைவ் குழுவினரும். ராப் இசை தான் பிறந்த தெருக்களைக் கடந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் வெள்ளையினத்தவரான ரசிகர்கள் கூச்சலிட்டனர். பிளாஸ்டிக் குவளைகளை மேடைமீது வீசினர். அழைத்தவர்களான கிளாஷ் குழுவினர் தம் ரசிகர்களையே வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது.

அந்த ரசிகர்கள் எந்த இசையைக் கேட்கச் சீட்டு வாங்கி வந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 1980 டிசம்பரில், கிளாஷ் வெளியிட்ட ‘சாண்டினிஸ்டா!’ இசைத்தொகுப்பின் முதற்பாடலே ஒரு ராப். நியூயார்க்கில் தங்கியிருந்தபோது அந்நகரின் கறுப்பின இளைஞர்களிடம் கேட்ட இசையின் தாக்கத்தில் அவர்கள் அமைத்த பாடல் அது. நியூயார்க்கில் கறுப்பின மக்களுக்கான வானொலி நிலையமாக விளங்கிய டபிள்யூ.பி.எல்.எஸ்., அப்பாடலின் வேறு வடிவத்தைத் தயக்கமின்றி ஒலிபரப்பியது. கறுப்பின நேயர்கள் ஒரு வெள்ளைக் குழுவின் ராப் பாடலை ஏற்றுக்கொண்டார்கள். வெள்ளை ரசிகர்களோ ராப்பைப் படைத்தவர்களின் மீது குவளை வீசினார்கள்.

ஒரு ராக் குழு புதிய தொகுப்பில் தன் ஒலியை மாற்றிக்கொண்டது என்னும் செய்தி வழக்கமாக அழகியல் செய்தியாகவே எழுதப்படுகிறது. துணிச்சலா, துரோகமா, வளர்ச்சியா, வணிகமா என்று விமர்சகர்கள் வாதிடுகிறார்கள். நாம் அதை உரிமைச் சிக்கலாகப் பார்க்கிறோம். ஒலியை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. மாற்றத்திற்கான மூலப்பொருளைத் தருபவர்களுக்கு அது பெரும்பாலும் மறுக்கப்படுகிறது. கிளாஷின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அவர்கள் நேர்மையானவர்களாக இருந்ததே அதற்குக் காரணம்.

1976 ஆகஸ்டில் லண்டன் நாட்டிங்ஹில் திருவிழாவில் கரீபிய வம்சாவளி இளைஞர்களுக்கும் காவல் துறைக்கும் மோதல் மூண்டது. கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மரும் பால் சைமனனும் அன்று அங்கிருந்தனர். ஸ்ட்ரம்மர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அலுவலர் ஒருவரின் மகன். சைமனன், கரீபியக் குடியேறிகள் மிகுதியாக வாழ்ந்த பிரிக்ஸ்டனில் வளர்ந்தவர். லண்டனில் பங்க் இசைக்கென இருந்த ராக்ஸி அரங்கில் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் ஜமைக்கக் குடியேறிகளின் மகனான டான் லெட்ஸ். அப்போது பங்க் இசைத்தட்டுகளே மிகக் குறைவாக வெளிவந்திருந்ததால், அவர் தம்மிடமிருந்த ரெக்கே இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். வெள்ளை இளைஞர்களின் கலகத்திற்குள் கறுப்பின இசை நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

1977இல் வந்த முதல் தொகுப்பிலேயே, ஜூனியர் மர்வின் பாடிய ஒரு ஜமைக்கப் பாடலை அவர்கள் தம் முறையில் மீண்டும் பாடினர். பாடலாசிரியர்களாக மர்வின், லீ பெரி ஆகிய இருவரின் பெயர்களும் அச்சிடப்பட்டன. இது சிறிய செய்தியன்று. இசையுலகில் பெயர் அச்சிடப்படும் இடத்திற்கே ராயல்டி சென்று சேர்கிறது. அதே லீ பெரியைத் தம் அடுத்த பாடல்களுள் ஒன்றிற்குத் தயாரிப்பாளராகவும் அவர்கள் அமர்த்தினர்.

1979 டிசம்பரில் வெளிவந்த ‘லண்டன் காலிங்’ அவர்களுடைய ஒலியை முற்றிலும் திறந்துவிட்டது. மூன்று கிட்டார்ச் சுரங்களில் அடங்கியிருந்த பங்க் அங்கே ரெக்கே, ஸ்கா, ராக்கபில்லி, ஜாஸ், சோல் என விரிந்தது; ஊதுகருவிகளும் ஆர்கனும் சேர்ந்தன. பத்தொன்பது பாடல்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்க வேண்டும் என்று சி.பி.எஸ். நிறுவனத்திடம் போராடி வென்றார்கள். அடுத்து வந்த ‘சாண்டினிஸ்டா!’ மூன்று தட்டுகள், முப்பத்தாறு பாடல்கள். அதையும் மலிவு விலையில் தருவதற்காக, பிரிட்டனில் விற்கும் முதல் 2,00,000 பிரதிகளுக்குத் தம் ராயல்டியையே விட்டுக்கொடுத்தனர். எல்லாப் பாடல்களும் நன்றாக உள்ளன என்று நாம் சொல்லமாட்டோம். ஆறாம் பக்கத்தை முழுதாகக் கேட்டு முடிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் கேட்பவரின் சட்டைப்பையை எண்ணி விலை வைத்த குழுக்கள் அரிது.

நிறுவனம் இந்த மாற்றங்களை விரும்பியதா? ஜமைக்கக் கலைஞர் மைக்கி டிரெட் தயாரித்த ‘பேங்க்ராபர்’ என்னும் பாடலை 1980இல் பிரிட்டனில் வெளியிட முதலில் மறுத்தது. நெதர்லாந்தில் அச்சான தட்டுகள் இறக்குமதியாகி விற்பனையான பின்னரே இசைந்தது. வழக்குரைஞர்களாகிய நமக்கு இதைவிடச் சுவையான நிகழ்வு 1983இல் அமெரிக்காவில் நடந்தது. நீல் யங் என்னும் புகழ்பெற்ற ராக் கலைஞர் ஒரு தொகுப்பில் மின்னணு இசைக்கும், அடுத்த தொகுப்பில் 1950களின் பழைய பாணிக்கும் தாவியதால், கெஃபன் நிறுவனம் அவர்மீது 33 இலட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. அவருடைய முந்தைய இசையின் இயல்பு இப்பாடல்களில் இல்லை என்பது அதன் முறையீடு. ஒருவர் தம்மைப்போலவே ஒலிக்கவில்லை என்பதற்காக நீதிமன்றப் படியேற நேர்ந்தது. வழக்கு இறுதியில் சமரசமாக முடிந்தது. எதிர்வழக்குத் தொடுத்து எதிர்த்து நிற்கும் பணமும் புகழும் நீல் யங்கிடம் இருந்தன.

அவை இல்லாதவர்களின் நிலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசை விற்பனைப் பட்டியலை ‘பில்போர்ட்’ இதழ் 1949 வரை ‘இனத் தட்டுகள்’ என்ற தலைப்பில்தான் வெளியிட்டது. அதன்பின் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று பெயர் மாறியது, தனிப்பட்டியல் நீடித்தது. ராக் இசைக்கு அடித்தளமிட்ட சிஸ்டர் ரொசெட்டா தார்ப், சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட் ஆகியோர் கறுப்பினத்தவர். முப்பது ஆண்டுகளுக்குள் ராக் வெள்ளையரின் சொத்தாகக் கருதப்பட்டு, கறுப்பினத்தவர் ராக் வாசிப்பதே விந்தையானது. 1985இல் நியூயார்க்கில் வெர்னன் ரீட் உள்ளிட்டோர் ‘பிளாக் ராக் கோயலிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. லண்டனின் வெள்ளை இளைஞன் ரெக்கே வாசித்தால் அவன் எல்லைகளைக் கடந்தவன். நியூயார்க்கின் கறுப்பின இளைஞன் மின்கிட்டார் எடுத்தால், உன் மக்களின் இசையை வாசி என்று அறிவுரை.

இந்த அறிவுரை நம் வாசகர்களுக்கு எங்கோ கேட்டதாகத் தோன்றும். எந்தக் கருவியை யார் தொடலாம், எந்த அடியை எந்த நிகழ்வுக்கு அடிக்க வேண்டும் என்பதைச் சாதி இங்கே பல நூற்றாண்டுகளாக வகுத்து வைத்திருக்கிறது. பறை அடிக்கும் குடும்பம் சாவு வீட்டுக்கு அடித்தாக வேண்டும்; கோயில் திருவிழாவில் வெளியே நின்று அடிக்க வேண்டும். அடிக்க மாட்டோம் என்று ஓர் ஊர்ச்சேரி முடிவெடுத்தால் அதுவும் ஒலிமாற்றமே. அதற்கு விமர்சகர்கள் எழுதும் மதிப்புரை கிடைக்காது. வேலை மறுப்பும் கடையில் பொருள் மறுப்பும் கிடைக்கும். 1990களில் தலித் கலைக்குழுக்கள் அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றின. மறுத்தவர்களும் மீட்டவர்களும் இன்றுவரை தம்முள் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் தொடர்வது நல்லதென்றே நாம் கருதுகிறோம். எதை அடிப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்ய வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. விருப்பத்திற்கு மாறாக அடிக்க வைப்பது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பட்டியல் சாதியினரிடம் கட்டாய உழைப்பு வாங்குவதும், சமூகப் புறக்கணிப்பு செய்வதும், செய்வதாக மிரட்டுவதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

இன்று தமிழ்நாட்டின் கல்லூரி மேடைகளில் கிட்டாருடன் பறையும் கானாவும் சேர்ந்து ஒலிக்கின்றன. இதற்கு வழி திறந்தவர்களுள், 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவுக்குத் தனியிடம் உண்டு. அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து பெயர் பெற்ற அக்குழுவில், கானாவும் பறையும் ராக்குக்குச் சுவையூட்டும் துணைப்பொருளாக வரவில்லை. அவற்றை வாசித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். கிளாஷ் செய்ய முயன்று தம் ரசிகர்களிடம் தோற்ற ஒன்றை, இங்கே அவ்விசைக்கு உரியவர்களே தொடங்கினார்கள்.

அக்குழுவின் அறிவு பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் கேட்கப்பட்டது. அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அவர் இல்லை, பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பின்னரே அவருக்கென ஓர் இணைய அட்டை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் அப்பாடல் ஒலித்தபோது, ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே பொதுவிவாதமானது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பாடகி தீயும் தம் தரப்பை விளக்கினர். 2024இல், அப்பாடலின் வருவாயில் தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே கூறினார். புகழில் யார் முந்தினார் என்று இணையத்தில் சண்டையிட்ட எவரும், எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1994இல் திருத்தப்படும் வரை, எழுத்திலோ குறியீட்டிலோ வடிக்கப்பட்டதை மட்டுமே ‘இசைப் படைப்பு’ என்று ஏற்றது. சுரக்குறிப்பு எழுதத் தெரிந்தவரின் இசை படைப்பாயிற்று. காதால் கேட்டுக் கையால் அடித்தவரின் இசை அந்த வரையறைக்குள் வரவே இல்லை. 1994க்குப் பின் குறியீடு கட்டாயமில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டியைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது; வாரிசுகளும் பதிப்புரிமைச் சங்கமும் மட்டுமே விதிவிலக்கு. ஆனால் ஓர் அடிமுறைக்கோ பாணிக்கோ பதிப்புரிமை இல்லை. மர்வினின் பாடலுக்கு ராயல்டி போனது. ரெக்கே என்னும் தாளத்திற்குப் போகவில்லை. ஆகவே பறையடியைத் தன் புதிய தொகுப்பில் சேர்க்கும் குழு யாருக்கும் எதுவும் தரத் தேவையில்லை. அதைப் பதிவுக்கூடத்தில் வாசித்துக் கொடுத்த கலைஞர், நிகழ்த்துநர் என்ற நிலையில் மட்டுமே உரிமை கோர முடியும்.

அங்கும் ஒரு பொறி இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டியும், தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையும் தந்தது. அதே திருத்தம், திரைப்படங்களைப் பொறுத்தவரை, இடைநிகழ்வாகத் தோன்றி, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவரை நிகழ்த்துநராகக் கருத வேண்டியதில்லை என்கிறது. அவரது நிகழ்த்துகையைச் சிதைப்பதற்கு எதிரான உரிமை மட்டுமே அவருக்கு மிஞ்சுகிறது. பறைக் கலைஞரின் பெயரைப் போடாத வழக்கமே, அவருக்குப் பணம் தராமலிருப்பதற்கான சட்டக் காரணமாகிவிடும் அபாயம் இதில் உள்ளது. இந்த விதிவிலக்கை நீக்கக் கோருவது நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இதுவரை இடம்பெறவில்லை. அதுவரை, பாடல் பதிவுக்குச் செல்லும் மாணவர் குழுக்கள் ஒரு தாளில் அன்று வாசித்த அனைவரின் பெயரையும், வாசித்த கருவியையும், பங்கு விகிதத்தையும் எழுதி, பதிவு தொடங்கும் முன் எல்லாரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும்.