அறுபது வயதும் ஆற்றங்கரையும்

தி.நகரில் நடந்த ஒரு வீட்டுக் கண்காட்சியை வேடிக்கை பார்க்கப் போன எங்கள் வாசிப்பு வட்டத் தோழர் ஒருவர், அங்கே கொடுத்த விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். வழவழப்பான தாள். தண்ணீரைப் பார்த்த பால்கனியில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி, கையில் டபரா காபி. 55 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமான குடியிருப்பாம். 'சீனியர் லிவிங்' என்று பெயர். இரவும் பகலும் செவிலியர், வழுக்காத தரை, யோகா கூடம், பஜனை மண்டபம், சுத்த சைவச் சமையற்கூடம். "பணக்காரங்க எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும், நமக்கென்ன?" என்றார் ஒருவர். "எங்க ஆயாவுக்கு இப்படி ஒரு இடம் கிடைச்சா நான் வேணாம்னு சொல்வேனா?" என்று திருப்பிக் கேட்டார் ஒரு மாணவி. இரண்டு மாலைகள் சண்டை போட்டோம். இந்தக் கட்டுரை அந்தச் சண்டையிலிருந்து வந்தது.

முதலில் அந்த மாணவியின் பக்கம் நிற்கிறோம். இராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்து, விடியும்வரை தரையில் கிடக்கும் கிழவியின் பயம் சாதி பார்த்து வருவதில்லை. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, மயிலாப்பூர் வீட்டில் தொலைக்காட்சியோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் முதியவரின் தனிமையும் பொய்யில்லை. "பெற்றோரை இல்லத்தில் விடுவது தமிழ்ப் பண்பாடா?" என்று மேடையில் கேட்கும் அண்ணன்களை நமக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் அப்பாவின் மலச்சட்டியைக் கழுவியிருக்கிறார்கள்? கழுவியது மருமகள், மகள், அவர்களுக்கும் கீழே கூலிக்கு வந்த பெண். கூட்டுக் குடும்பத்தின் பெருமையெல்லாம் பெண்ணின் முதுகில் ஏற்றிய மூட்டை. முதியோரைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அதற்குப் பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும், அதைப் பலரும் சேர்ந்து பகிரலாம் என்பதில் நமக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை. சொல்லப்போனால் அது நம் கோரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

முதுமையடைந்த உடம்புக்கு என்ன தேவை என்பது அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2019இல் ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சக்கர நாற்காலி போகும் வழி, பிடித்து நடக்கக் கைப்பிடி, வழுக்காத தரை, ஒலியும் ஒளியும் காட்டும் லிஃப்ட் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவும் தெரிந்துவைத்திருக்கும் அரசு, அதை யாருடைய உடம்புக்குச் செலவழிக்கிறது?

அதற்கும் முன்னால் ஒன்று. ஓய்வுக்காலம் என்ற ஒன்று வாய்க்க, முதலில் கிழவனாகும்வரை உயிரோடிருக்க வேண்டும். ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்றது. வறுமைதான் காரணம் என்று உடனே சொல்பவர்களுக்கு: பொருளாதார நிலையை வைத்து அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. இல்லை என்பதற்காக நிம்மதிப்பட ஒன்றுமில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவருக்கு எந்த மாநிலத்திலும் 55க்கு மேல் ஒரு பால்கனி காத்திருப்பதில்லை. பிழைத்துக் கிடந்தால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. தமிழ்நாடு அரசு 2023இல்தான் அதை 1,000த்திலிருந்து உயர்த்தியது. அதிலும் 80 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு டெல்லியின் பங்கு 200 ரூபாய். இருநூறு!

இனி தண்ணீருக்கு வருவோம். விளம்பரப் புத்தகம் விற்பது வீட்டை அல்ல, நீர்க்கரையை.

சென்னையின் நீர்க்கரைகளில் ஏற்கெனவே முதியவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றின் கரைகளிலும் நகரத்தைக் கட்டியவர்கள், கழுவியவர்கள், சுமந்தவர்கள் குடியிருந்தார்கள். தலித் மக்கள், மீனவர், பிற உழைக்கும் சாதியினர். நகரம் விரும்பாத இடம் என்பதால் அவர்களுக்குக் கிடைத்த இடம் அது. இப்போது நகரத்துக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

2022 மே மாதம். மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயோரம் கோவிந்தசாமி நகர். பல பத்தாண்டுகளாக வாழ்ந்த 259 வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடிக்க உச்ச நீதிமன்ற உத்தரவோடு இயந்திரங்கள் வந்தன. மாற்று இடம் பெரும்பாக்கம். மே 8 அன்று, இடிப்பு நடக்கும்போதே, அங்கே வாழ்ந்த ஒருவர் தன்மேல் எரிபொருளை ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 60.

அறுபது! மயிலாப்பூரில் அந்த வயதுக்கு ஒரு கல்யாணமே உண்டு. திருக்கடையூருக்குப் போய் மாலை மாற்றிக்கொள்வார்கள். விளம்பரப் புத்தகத்தின் கணக்கில் அவர் குடியேறத் தகுதி பெற்று ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. இறந்தவர் என்ன சாதி என்று கேட்பவர்களுக்கு: கால்வாயோரம் குடியிருந்தால் அரசின் கண்ணில் எல்லோரும் சேரிதான்.

மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே அந்த மக்களுக்கு வாரிய வீடு ஒதுக்கப்படும் என்றார். இனி மக்களிடம் கருத்துக் கேட்டே மறுகுடியமர்வு நடக்கும் என்றார். இதைக் கவனியுங்கள் தோழர்களே. மயிலாப்பூரில் இடமே இல்லை என்று அதுவரை சொன்னவர்களுக்கு, ஒரு உயிர் எரிந்த மறுநாள் இடம் கிடைத்துவிட்டது.

நீர்நிலை ஆக்கிரமிப்பு என்பது எவ்வளவு வசதியான சொல் என்று பார்ப்போம். அதே பக்கிங்காம் கால்வாயில் தூண்களை இறக்கித்தான் மயிலாப்பூர் வழியாகப் பறக்கும் ரயில் ஓடுகிறது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டிப் போடப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது அந்த விமான நிலையமும்தான் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு "உங்கள் பாதுகாப்புக்காக" என்று சொல்லிக் கரையிலிருந்து அள்ளிச் செல்லப்பட்டவர்கள் யார்? ஓடுபாதையை யாரும் பெரும்பாக்கத்துக்கு மாற்றவில்லை.

ஒருவகையில் பெரும்பாக்கமும் நீர்முகப்புதான். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரம். பெருமழைக்குத் தண்ணீர் வாசலுக்கே வரும். எட்டு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் நின்றுபோனால் ஏழாம் மாடியில் இருக்கும் ஆயா மேலேயே இருக்க வேண்டியதுதான். மாத்திரை வாங்க ஒருவர் இறங்க வேண்டும், தண்ணீர் ஏற்ற ஒருவர் ஏற வேண்டும். குடிசை வாசலில் உட்கார்ந்து போவோர் வருவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவர் அவர். 2019இல் எழுதிய கைப்பிடியும் வழுக்காத தரையும் இந்த வீடுகளின் வரைபடத்துக்கு ஏன் வரவில்லை? அடுக்குமாடியில் தனிமைப்பட்டால் ஒரு சாதியின் முதியவருக்குப் பெயர் 'வாடிக்கையாளர்'. இன்னொரு சாதியின் முதியவருக்குப் பெயர் 'பயனாளி'.

அகற்றப்படாமல் தண்ணீரோரமே இருப்பவர்களின் கதை வேறு. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். கொஞ்சம் தள்ளி எம்.ஆர்.சி. நகரின் நட்சத்திர ஓட்டலும் உயர்ந்த அடுக்ககங்களும். இரண்டுக்கும் ஒரே காற்று. சீனிவாசபுரத்தின் பழைய வாரியக் குடியிருப்பில் 2024 டிசம்பரில் ஜன்னலின் மேல்தளம் பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் செத்தார். நீர்முகப்பு வாழ்க்கை என்பதைச் சென்னையில் யாராவது ஆராய வேண்டுமென்றால் அங்கே போகலாம், கட்டணம் இல்லை.

இடையில் ஒரு வரலாற்றுச் செய்தி. ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபை இருக்கிறது. 1882இல் அடையாறுக்கு வந்த ஆல்காட் தன் கடைசிக் காலத்தை அந்த ஆற்றங்கரையில் கழித்து 1907இல் இறந்தார். 1894இல் அங்கே சேரிப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குப் போனபோது கூடப் போனார். அவரோடும் அவருடைய சபையோடும் நமக்குக் கருத்து வேறுபாடுகள் நிறைய. ஆனாலும் ஆற்றங்கரையில் வயதான அந்த மனிதர், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். இன்றைய விளம்பரப் புத்தகம் அதே இடத்தில் மதில் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்கிறது.

மதிலுக்குள்ளே என்ன என்பதையும் பேச வேண்டும். சுத்த சைவம். ஒருவர் தன் தட்டில் என்ன வைத்துக்கொள்கிறார் என்பது அவர் விருப்பம். ஒரு கட்டடமே அதை விதியாக்கினால் அது சாதிச் சல்லடை. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வாடகைக்கு வீடு தேடிய தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'வெஜிடேரியன் மட்டும்' என்ற பலகைக்குப் பின்னால் கேட்கப்படும் அடுத்த கேள்வி உங்களுக்குத் தெரியும். பெங்களூரு அருகே பார்ப்பனர்களுக்கு மட்டும் என்று அக்ரஹாரம் என்ற பெயரிலேயே குடியிருப்புத் திட்டம் விளம்பரம் செய்யப்பட்டது. 2005இல், அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டும் உறுப்பினராக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினருக்குத் திறந்த அந்தக் கதவு வழியாக யார் யாரெல்லாம் நுழைய முடியும் என்று சட்டம் படிக்கும் தோழர்கள் யோசியுங்கள். அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் வீடு என்ற சொல் இல்லை.

இந்தச் சல்லடை தடுக்காத ஒரு கூட்டமும் உண்டு. காலை ஆறு மணிக்குக் கண்ணகி நகரில் பேருந்து ஏறும் பெண்கள். பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட். எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா, அப்படியொரு இல்லத்தில் படுக்கையில் கிடக்கும் அம்மா ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிடுகிறார். அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாராம். இந்தக் கைக்குத் தனி டம்ளர். சம்பளத்தில் ஏஜென்சிக்கு ஒரு பங்கு. அக்காவின் சொந்த அம்மா நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அதே கண்ணகி நகரில், பகலெல்லாம் தனியாக. "உங்க ஆளுங்களுக்கு வேலை கிடைக்குதே" என்று பதில் சொல்பவர்கள், அந்தப் பகல் முழுவதற்கும் அந்தக் கிழவியிடம் போய்ப் பேசிவிட்டு வரட்டும்.

பொறாமையில் பேசுகிறோம் என்பார்கள். பேசிக்கொள்ளட்டும். அவர்களுடைய பால்கனியை இடிக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்றாக, 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டம். அப்படி ஓர் இல்லம் மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ, அவர்கள் பிறந்து வளர்ந்த கரைக்குப் பக்கத்திலேயே ஏன் இருக்கக் கூடாது? வாரியக் குடியிருப்பு எங்கே கட்டினாலும், எங்கே இடித்துக் கட்டினாலும் தரைத்தளம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். ஒவ்வொரு தொகுப்பிலும் பகல்நேரப் பராமரிப்பு மையம். அதில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏஜென்சி இல்லாத அரசுச் சம்பளம். இது எட்டாத கனவு என்று நாங்கள் நினைக்கவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தருவதைத்தான் இந்த மாநிலம் செய்தது. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. கோவிந்தசாமி நகர் அடுத்த ஆண்டுதான் நடந்தது.

எங்கள் வட்டத்தில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். மூன்று பேர் தகவல் உரிமைச் சட்டத்தில் வாரியத்துக்கு மனு எழுதுகிறார்கள்: பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர்களில் 60 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்த மாடியில், கடந்த ஆண்டு லிஃப்ட் எத்தனை நாள் ஓடவில்லை. சட்ட மாணவர்கள் 2022 மே 9 அறிவிப்பின்படி எத்தனை குடும்பங்களுக்கு மயிலாப்பூரிலேயே சாவி கிடைத்தது என்று கேட்கிறார்கள். மற்றவர்கள் ஞாயிறுதோறும் கணக்கெடுப்புக்குப் போகிறோம். ஆயாவைப் பற்றிக் கேட்ட அந்த மாணவிதான் படிவத்தைத் தயாரித்தார். சாதி, வருமானம், குடும்ப அட்டை எல்லாம் பின்னால்தான் வருகிறது. படிவத்தின் முதல் கேள்வி: கடைசியாக எப்போது கீழே இறங்கினீர்கள்?