புயலும் செயலும்: ஜேர்மனியக் கலைச் சஞ்சிகைகள் உணர்த்தும் உண்மை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மனியில் வெளிவந்த புதுமைக் கலைச் சஞ்சிகைகளைப் பற்றி இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. அரசியற் கறைபடாத தூய கலைக்கு அவை சான்று என்பர் ஒருசாரார். சிதைந்த உருவங்களையும் முறிந்த சொற்றொடர்களையும் வெளியிட்டு, ஈற்றில் பாசிசத்துக்கே வழிசமைத்தவை அவை என்பர் மறுசாரார். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் இவ்விரு கருத்துகளும் ஒரே தவற்றினின்றும் பிறந்தவை. ஒரு கலையின் உருவத்தை நோக்கிய மாத்திரத்திலேயே அதன் அரசியலை அறுதியிட்டுவிடலாம் என்பதே அத்தவறாகும்.

பேர்லின் நகரில் 1910 மார்ச்சில் ஹெர்வார்த் வால்டன், புயல் எனப் பொருள்படும் ‘டெர் ஸ்டுர்ம்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். 1911 பெப்ருவரியில் அதே நகரில் பிரான்ஸ் பெம்பெர்ட், செயல் எனப் பொருள்படும் ‘டீ அக்ஸியோன்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். இரண்டும் 1932 வரை வெளிவந்தன. வெளிப்பாட்டுவாதக் கவிதையும் கூரிய கோடுகள் கொண்ட மரச்செதுக்கு ஓவியமும் இரண்டிலும் இடம்பெற்றன. உருவத்தால் இவை உடன்பிறப்புகள். ஆயின் 1914 ஓகஸ்டில் யுத்தம் மூண்டபொழுது இவை சென்ற வழிகள் வேறு.

தூய கலைவாதிகள் போற்றும் வால்டன், கலை வேறு அரசியல் வேறு என்ற கொள்கையினர். யுத்தகாலத்திலும் ‘புயல்’ போர்வெறிப் பாடல்களுக்கு இடமளிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், அதன் ஆசிரியர் அதே வேளையில் ஜேர்மன் வெளிநாட்டமைச்சின் பிரசாரப் பணியில் ஈடுபட்டிருந்தார் என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். நடுநிலை நாடுகளில் அவர் நடத்திய ஓவியக் கண்காட்சிகள், ஜேர்மனியைப் பண்பாட்டின் உறைவிடமாகக் காட்டுதற்கு உதவின. அரசியலற்றது என்று கூறப்பட்ட கலை, அரசுக்குப் பெரிதும் பயன்பட்டது. ‘அரசியல் வேண்டா’ என்ற கூற்று எவருடைய அரசியலுக்கு வாய்ப்பளிக்கின்றது என வினவாதோர் இதனை விளங்கிக்கொள்ள மாட்டார்.

பெம்பெர்ட்டும் யுத்தத் தொடக்கத்தில், இனித் தமது ஏட்டில் இலக்கியமும் கலையுமே வெளிவரும் என அறிவித்தார். தணிக்கையின் பிடியில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் அவர் மேற்கொண்ட மௌனம் வேறுவகைப்பட்டது. 1914 செப்ரெம்பரில் ஜேர்மனியரின் குண்டுக்குப் பலியான பிரெஞ்சுக் கவிஞர் சார்ள் பெகியின் உருவத்தை, அடுத்த மாதமே ‘செயல்’ தன் முகப்பிற் பொறித்தது. வரைந்தவர் ஒஸ்ரிய ஓவியர் ஈகோன் ஷீலே. பகைநாடுகளின் கலைஞருக்கெனச் சிறப்பிதழ்கள் தொடர்ந்தன. 1915 முதல், நாளேடுகளின் போர்வெறிக் கூற்றுகளைக் கத்தரித்து அவ்வாறே அச்சிட்ட பகுதியொன்றும் வெளிவந்தது. தணிக்கையாளரின் கண்முன்னே கவிதையும் ஓவியமும் யுத்தத்துக்கு எதிராகச் சாட்சி கூறின.

உருவச் சோதனையைச் சீரழிவு எனக் கண்டிப்போரின் வாதமும் உண்மைக்கு முன் நில்லாது. 1914 ஓகஸ்ட் இறுதியில் தோன்றி யுத்தத்துக்கு முரசறைந்த ‘கிரீக்ஸ்ஸைற்’ என்ற ஓவிய ஏட்டின் முதலிதழை அணிசெய்தது, எவருக்கும் எளிதில் விளங்கும் பாணியில் மூத்த ஓவியர் மக்ஸ் லீபர்மன் வரைந்த படமாகும். விளங்கும் உருவம் எவரையும் போர்வெறியினின்றும் காக்கவில்லை. மறுபுறம், அச்செழுத்துகளைக் குலைத்தும் புகைப்படங்களை வெட்டி ஒட்டியும் உருவத்தையே தகர்த்த ஜோன் ஹார்ட்பீல்ட், 1919 பெப்ருவரியில் ஆட்சியாளரை எள்ளிய ‘யேடர்மன் சைன் ஐக்னர் பூஸ்பால்’ என்ற ஏட்டின் உருவாக்கத்திற் பங்குகொண்டார். ஒரே இதழுடன் அது தடைசெய்யப்பட்டது. பின்னர் ஹிட்லரை அம்பலப்படுத்திய படங்களும் அவருடையவையே.

ஜோர்ஜ் லூக்காச் 1934இல் வெளிப்பாட்டுவாதத்தைக் கண்டித்து எழுதினார். 1937–38இல் மொஸ்கோவில் வெளியான ‘டாஸ் வோர்ட்’ சஞ்சிகையில் இவ்விவாதம் மூண்டபொழுது, லூக்காச் ஓவியர்களைக் கருத்திற் கொள்ளவேயில்லை என ஏர்ணஸ்ட் புளொக் சுட்டிக்காட்டினார். வெளிப்பாட்டுவாதக் கவிஞர் கொட்பிரீட் பென் 1933இல் நாஜிகளை ஆதரித்தமை மறைக்கத்தக்கதன்று. ஆனால் ஒருவரின் வீழ்ச்சியைக் கொண்டு ஓர் இயக்கத்துக்கே தீர்ப்பளிப்பது நேர்மையாகாது. பாசிசத்துக்கு வழிசமைத்த கலை இதுவாயின், 1937 ஜூலையில் நாஜிகள் மியூனிக்கில் இதே ஓவியங்களை ‘இழிந்த கலை’ எனக் காட்சிக்கு வைத்து எள்ளிநகையாடியது எதற்காக?

வால்டனின் முடிவு இரு சாராருக்கும் பாடமாகும். பிற்காலத்தில் பொதுவுடைமையாளராகிய அவர், 1932இல் சோவியத் ஒன்றியத்தை அடைந்தார். 1938இல் அதே ‘டாஸ் வோர்ட்’ பக்கங்களில் வெளிப்பாட்டுவாதத்துக்காக வாதாடினார். 1941இல் கைதுசெய்யப்பட்டுச் சராத்தோவ் சிறையில் மாண்டார். அரசியலினின்றும் கலையை ஒதுக்கிவைக்க முயன்றவரை அரசியல் ஒதுக்கிவைக்கவில்லை. கலையைப் பொதுவுடைமையின் பக்கம் நிறுத்த விழைந்த பின்னரும் அது அவரைக் காக்கவில்லை.

எனவே, ஒரு சஞ்சிகையை மதிப்பிடுவோர் அதன் கோடுகள் நேரானவையா வளைந்தவையா என்று மட்டும் பார்த்து அமைதல் ஆகாது. எந்த வேளையில் எவருடைய குரலுக்கு அது இடமளித்தது, எதைப்பற்றி மௌனம் சாதித்தது, அம்மௌனத்தாற் பயன்பெற்றவர் எவர் என்னும் வினாக்களே முதன்மையானவை. இவ்வினாக்களை எழுப்பாத அழகியலும் குருடு. எழுப்பாமலே தீர்ப்பு வழங்கும் அரசியலும் குருடு.