மரத்தின் மேல் பழி வேண்டாம்

கழிவுநீர் அடைத்துக்கொண்டால் முதல் பழி வாசலில் நிற்கும் மரத்தின் மேல்தான் விழுகிறது. சேம்பர் மூடியைத் திறந்தால் தேங்காய் நார்போலப் பின்னிக் கிடக்கும் வேர்க்கொத்து. உடனே மரம் வெட்ட ஆள் தேடுகிறார்கள். இது தவறு.

நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு போவதில்லை. முதலில் குழாய் கசிகிறது. கசியும் இடத்தில் ஈரமும் சத்தும் இருப்பதால், தலைமுடி கனத்தில் ஒரு வேர் அந்த விரிசலுக்குள் நுழைகிறது. பிறகு பருத்து, இணைப்பையே நெம்பிவிடுகிறது. சென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் மண்ணுக்கடியில் இருப்பவை இரண்டடி நீளச் சுட்ட களிமண் குழாய்கள். இருபதடி தூரத்துக்குப் பத்துத் துண்டுகள். ஒவ்வொரு இணைப்பிலும் சிமென்ட் பூச்சு. மண் சற்று இறங்கினாலே பூச்சு வெடிக்கும். ஒரே பி.வி.சி. குழாய் அந்தத் தூரத்தை நடுவில் இணைப்பில்லாமல் கடந்துவிடும்.

வேரை அழிக்க மயில்துத்தம் கொட்டுவதும் தீர்வல்ல. செப்டிக் டேங்கில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களை அது கொல்லும். கசிவு இருக்கும்வரை வேர் மறுபடி வரும்.

அடைப்பெடுக்க உரிய பாதுகாப்பின்றி ஆளைக் குழிக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த எண்ணமே வேண்டாம்.

குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து, கசியும் இணைப்பை மாற்றுங்கள். புதிதாக வீடு கட்டுவோர் குழாய் போகும் பாதையைத் தாளில் வரைந்து வையுங்கள். அதன் அருகே ஆலும் அரசும் நடாதீர்கள். ஏற்கெனவே நிழல் தரும் வேம்பை வெட்டாதீர்கள்.