மெட்டல் டிடெக்டர்: நமது சரக்கை ஓட்டிப் பார்த்து வாங்குக



சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மளிகைக்கடைக்காரர் ஒருவர், நாம் அனுப்பிய மிளகாய்த்தூள் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே அரை அங்குலக் கம்பி! அரைவை மில்லின் சல்லடையிலிருந்து அறுந்தது. மில்லில் காந்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் எவர்சில்வரில் பல ரகம் காந்தத்தில் ஒட்டாது. பணத்தைக் கொடுத்துவிட்டோம், முப்பது வருஷப் பழக்கத்தில் நேர்ந்த கூச்சம் இன்னும் போகவில்லை.

அதன்பின் ராஜபாளையத்தில் உள்ள நமது பாக்கெட் கூடத்துக்கு மிஷின் தேடினோம். ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் ஊசி தேடும் மிஷின் மலிவாக வந்தது. அது இரும்புக்கு மட்டுமே ஆகும். மூட்டையோடு நுழைக்கும் மிஷினும் பார்த்தோம். வாய் பெரிதாகப் பெரிதாகக் கூர்மை குறைகிறது. அதிலும் நட்டநடுவே போகும் துண்டு தப்பிவிடுகிறது. பாக்கெட் அளவே வாய் உள்ள பெல்ட் மிஷின்தான் சின்னத் துண்டையும் பிடித்தது.

ஏஜெண்டுகள் வெறும் பெல்ட்டில் இரும்புக் குண்டை ஓட்டி மணியடித்துக் காட்டுவார்கள். அதில் மயங்க வேண்டாம். இரும்பு அகப்படுவது சுலபம். பித்தளை, அலுமினியம் அதற்கடுத்து. எவர்சில்வர்தான் கஷ்டம். மூன்றையும் நமது சரக்கின் நடுவில் புதைத்து ஓட்டச் சொல்லுங்கள். நாம் அந்தக் கம்பியையே நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்து ஓட்டினோம். ஒரு மிஷின் ஒருவாக்கில் பிடித்து மறுவாக்கில் விட்டுவிட்டது.

மிளகாய்த்தூளில் ஒழுங்காக ஓடிய மிஷின், உப்புப் போட்ட புளியில் சும்மா சும்மா மணியடித்தது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்சாரம் கடத்தும். மிஷின் அதையே உலோகமென்று எண்ணிவிடுகிறது. தொந்தரவு தாங்காமல் வேலையாள் கூர்மையைக் குறைத்து வைத்தால் கம்பி தாராளமாகப் போய்விடும். பால்கோவா போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அலுமினியத் தாளில் கட்டும் சரக்கைக் கட்டுமுன்பே ஓட்டிவிட வேண்டும்.

காந்தம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தேயிலையில் இரும்புத்தூள் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்ற விதிக்குக் காந்தம்தான் வழி. தினமும் துடைத்து, சல்லடையையும் பார்த்தால் சிறு மில்காரருக்குப் பாதிக் கவலை தீரும்.

2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 54-ஆம் பிரிவின்படி, அந்நியப் பொருள் கலந்த உணவை விற்றவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்காகச் சில்லறைக் கடைக்காரர் மிஷின் வாங்க வேண்டுமா? கூடாது என்பதே நமது கருத்து. அரைப்பவரும் மொத்த வியாபாரியும் பார்த்து அனுப்ப வேண்டிய காரியம் அது. தனித்தனியே முடியாதவர்களுக்காகச் சங்கமே ஒரு மிஷின் போட்டு, மூட்டைக்கு இவ்வளவென்று கூலி வாங்கலாம். அடுத்த கமிட்டியில் இதைக் கேட்கப் போகிறோம். அந்தக் கம்பி நமது மேஜை டிராயரில்தான் இருக்கிறது, கையோடு கொண்டுவருவோம்.