சொன்னாரா, ஒப்புக்கொண்டாரா?

தேசம் 1947-இல் சுதந்திரமடைந்தது. எனினும், நமது அரசியல் சட்டத்தின் 348-வது விதிப்படி சுப்ரீம் கோர்ட்டின் நடவடிக்கைகள் இன்றும் இங்கிலீஷிலேயே நடைபெறுகின்றன. சென்னை ஹைக்கோர்ட்டிலும் அப்படியே. வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பாலானவையும் அந்தப் பாஷை வழியாகவே நம்மை வந்தடைகின்றன. இது நன்றா, தீதா என்பது வேறு விவாதம். அச்செய்திகளைத் தமிழில் பெயர்த்துத் தருகிறவர்களும், அவற்றை ஆதாரமாகக் கொண்டு மேடையேறும் தேச ஊழியர்களும், இங்கிலீஷ் வினைச்சொற்களின் தன்மையைச் செவ்வனே உணர்ந்திருக்க வேண்டுமென்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. பெயர்ச்சொல் தவறினால் வாசகர் நகைப்பர்; வினைச்சொல் தவறினாலோ ஒரு மனிதனுக்கு அநீதி நேர்ந்துவிடும்.

ஒருவர் பேசியதை எடுத்துரைக்க இங்கிலீஷில் பல வினைகள் உண்டு. 'ஸெட்' என்றால் சொன்னார். அதில் நிருபரின் அபிப்பிராயம் எதுவும் கலப்பதில்லை. 'கிளெய்ம்டு' என்றால் சொல்லிக்கொண்டார். நிரூபணமில்லை என்ற சாயல் அதில் தொனிக்கிறது. 'டினைட்' என்றால் மறுத்தார். 'ரெஃப்யூட்டட்' என்பதோ வெறும் மறுப்பன்று. எதிரி கூறியது பொய்யென்று ஆதாரத்துடன் ருசுப்படுத்தினார் என்பது அதன் முறையான பொருள். 'பாயிண்டட் அவுட்' என்றால் உள்ள உண்மையைச் சுட்டிக்காட்டினார். தானியத் தட்டுப்பாடு இல்லையென்று மந்திரி ஒருவர் சொன்னதை, 'சுட்டிக்காட்டினார்' என்று எழுதும் பத்திரிகை, தட்டுப்பாடு இல்லையென்று தானே சாட்சி சொல்லிவிடுகிறது. அவ்வாறு சாட்சி சொல்ல அதற்கு என்ன ஆதாரம்?

இவற்றினும் அபாயமானது 'அட்மிட்டட்', அதாவது ஒப்புக்கொண்டார் என்னும் சொல். போலீஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக ருசுப்படுத்தக் கூடாதென்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு விதித்தது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சட்டமும் இந்த விதியைக் கைவிடவில்லை. பாகல நாராயண ஸ்வாமி வழக்கில், தனக்குப் பாதகமான ஒரு விஷயத்தை ஏற்பது மாத்திரமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாதென்று 1939-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கோர்ட்டு இவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாளும் விஷயத்தில், கைதான மறுநாளே 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று பத்திரிகை தலைப்பிடுவது எந்த நியாயம்? பின்னர் அவர் விடுதலையடைந்தாலும் ஊரார் மனத்திலுள்ள தீர்ப்பை மாற்றுவது யார்?

காலங்காட்டும் முறையிலும் இரு பாஷைகளுக்குமிடையே பேதமுண்டு. மசோதா பரிசீலனையில் இருக்கிறதென்று மந்திரி சொன்னால், அதை எடுத்துரைக்கும் இங்கிலீஷ் நிருபர் 'இஸ்' என்பதை 'வாஸ்' என்று மாற்றுவார். 'ஸெட்' என்ற இறந்தகால வினையைத் தொடர்ந்து அவ்வாறு மாற்றுவது அப்பாஷையின் வழக்கு. தமிழில் இவ்வழக்கில்லை. மொழிபெயர்ப்பாளர் இதையறியாமல் 'பரிசீலனையில் இருந்தது என்றார்' என்று எழுதினால், மசோதா கைவிடப்பட்டதென்று வாசகர் எண்ணுவார். உயிருள்ள மசோதாவைப் பத்திரிகை கொன்றுவிடுகிறது!

இங்கிலீஷில் மனு எழுதுவோரும் இதே எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். 'நேற்று வந்திருக்கிறார்' என்பது நல்ல தமிழ். ஆனால் 'ஹாஸ் கம்' என்பதுடன் 'யெஸ்டர்டே' என்ற சொல்லைச் சேர்ப்பதை இங்கிலீஷ் இலக்கணம் ஏற்பதில்லை. இது காதுக்கு மாத்திரம் உறுத்தும் பிழை. உரிமையைப் பாதிக்கும் பிழையும் உண்டு. 1990 முதல் இந்நிலத்தைச் சாகுபடி செய்து வருகிறேன் என்று சொல்ல வேண்டிய குடியானவருக்காக, 'ஹாவ் பீன் கல்டிவேட்டிங்' என்று எழுதாமல் 'கல்டிவேட்டட்' என்று மட்டும் எழுதிவிட்டால், இன்று நிலம் அவர் அனுபவத்தில் இல்லையென்று எதிர்க்கட்சி வக்கீல் வாதாட இடமேற்படும்.

பரிகாரம் எளிது. இங்கிலீஷ் செய்தியைப் பெயர்க்குமுன், பேசியவர் தம் வாயால் என்ன சொல்லியிருப்பாரென்று முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதைத் தமிழில் எழுதுக. எந்த வினையை இடுவதென்று சந்தேகம் தோன்றினால் 'சொன்னார்' என்பதே போதும். அந்தச் சொல் எவருக்கும் தீங்கு செய்யாது. நண்பருக்குச் 'சுட்டிக்காட்டினார்', எதிரிக்கு 'ஒப்புக்கொண்டார்' என்று வினைகளைப் பங்கிடும் வழக்கத்தைத் தேச ஊழியர்களும் ஒழிக்க வேண்டும். நமது எதிரிக்கும் அவர் சொன்ன சொல்லை, சொன்னபடியே கொடுப்பதுதான் நேர்மையான அரசியல்.