குடையடியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

பழவேற்காடு என்றால் பத்திரிகைகளுக்குப் பூநாரைகளும் டச்சுக் கல்லறையும் முகத்துவாரம் தூர்ந்துபோன செய்தியும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கடிதம் செல்போன் பில்லைப் பற்றியது. அற்ப விஷயம் என்று தள்ளிவிடாமல் முழுக்கப் படித்துவிட்டு, வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

எங்கள் பக்கத்துக் குப்பங்களில் செல்போன் கம்பெனிக் குடைகள் திடீர் திடீரென்று முளைக்கின்றன. பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று, மீன் ஏலம் விடும் இடத்தருகே ஒன்று. குடைக்கடியில் ஒரு ஸ்டூல், கம்பெனி டீ-சர்ட் போட்ட இரண்டு பையன்கள், கையில் ஒரு போன். ஆதார் அட்டையைக் காட்டி, முகத்தைப் போட்டோ எடுக்கவிட்டால் வேலை முடிந்தது. பேச்சுதான் அவர்கள் முதலீடு. "அக்கா, பிரீபெய்டுன்னா இருபத்தெட்டு நாளைக்கு ஒருவாட்டி ரீசார்ஜ் போடணும். அண்ணன் கடல்ல இருக்கும்போது தீர்ந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க? போஸ்ட்பெய்டுக்கு மாத்திக்குங்க, லைன் கட்டே ஆகாது. வீட்ல நாலு நம்பருக்கும் சேர்த்து 999. அதுலயும் ஒரு வருஷம் மாசாமாசம் 200 தள்ளுபடி."

இந்தப் பேச்சு எங்கள் ஊரில் எடுபடும். காரணம், அதில் பாதி உண்மை. 28 நாள் கணக்கில் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை ரீசார்ஜ் போடுகிறோம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புயல் எச்சரிக்கை வருவது போனில்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற தகவல் பரவுவதும் போனில்தான். ஜமீலாபாத்தில் பனையோலைக் கூடை பின்னும் பெண்கள் சாமானைப் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்புவதும் அதில்தான். லைன் அறுந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று அந்தப் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தானே.

எங்கள் வீட்டில் நாலு நம்பரையும் அந்தக் கம்பெனிக்கு மாற்றினோம். 999-ல் 200 போனால் 799. முதல் பில் வந்தது, 1,179 ரூபாய். தள்ளுபடி என்ற வரியே அதில் இல்லை. முழு 999-க்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு ஏறியிருந்தது. குடையடியில் வரி என்ற பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்றவிட்ட பிறகு ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார். "அந்த ஆஃபர் உங்க நம்பருக்குக் காட்டலைங்க மேடம்." அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் காட்டவில்லை என்றால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று அர்த்தமாம். குடை இருந்த இடத்தில் குடை இல்லை. அந்தப் பையன்களில் ஒருவனை ஒருநாள் சந்தையில் பார்த்துக் கேட்டேன். "டார்கெட் முடிஞ்சதும் எங்களையே நிறுத்திட்டாங்கக்கா, எனக்கே கமிஷன் பாக்கி" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

சரி, வந்த வழியே பழைய கம்பெனிக்குத் திரும்பிவிடலாம் என்றால் அங்கேதான் பூட்டு இருக்கிறது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011-ல் நாடு முழுவதும் வந்தது. நல்ல வசதிதான். ஆனால் ஒரு கம்பெனிக்கு மாறினால் 90 நாள் அங்கே இருந்தே தீர வேண்டும். போஸ்ட்பெய்டில் பில் பாக்கி இருந்தாலும் வெளியே விடமாட்டார்கள். சொன்ன தள்ளுபடி வரவில்லை என்பது முதல் பில்லில்தான் தெரியும். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டாமல் இருந்தால் அது பாக்கி. பாக்கி இருந்தால் போக முடியாது. ஆக, ஏமாந்த தொகையை முழுதாகக் கட்டி முடித்தவருக்குத்தான் வெளியேறும் உரிமை.

எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் மற்ற வீட்டு பில்களும் என் கைக்கு வருகின்றன. ஒரே கதைதான். கம்பெனியின் பெயரை எழுதாததற்குக் காரணம், எங்கள் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தவிர, குடைகளின் நிறம் மாறுகிறதே ஒழியப் பேச்சு மாறுவதில்லை.

இது இன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. 2005 கடைசியிலும் 2006-லும் 999 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுக்க இன்கமிங் என்று விற்றார்கள் (அன்றைக்கும் அதே 999!). 2018-ல் மாதம் 35 ரூபாயாவது ரீசார்ஜ் செய், இல்லாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்றார்கள். 2017 ஜூலையில் ஜியோபோன் அறிவிப்பு வந்தது. 1,500 ரூபாய் டெபாசிட் கட்டு, மூன்று வருடத்தில் திருப்பித் தருவோம், ஆகவே போனுக்கு விலையே இல்லை என்றார்கள். வருடத்துக்குக் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால்தான் அந்தச் சலுகை என்ற நிபந்தனை, லட்சக்கணக்கானோர் பதிவு செய்து, போன் கைக்கு வரும் சமயத்தில்தான் வெளியே தெரிந்தது. மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய நிபந்தனையாகத் தோன்றாது. முகத்துவாரம் அடைபட்டு ஏரியில் இறால் வரத்து நின்ற மாதத்தில் எங்களிடம் ரீசார்ஜுக்குப் பணம் ஏது? விடாமல் கட்டினால்தான் சலுகை என்று எழுதுகிறவர்கள் ஏரியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு டெலிபோன் வழக்கில், 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தில் வேறு வழி சொல்லியிருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்று தீர்ப்பளித்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. நம்மைப் போன்றவர்கள் நடுவில் நின்றோம். அகமதாபாத்தில் ஒருவருக்குச் சராசரியாக மாதம் 555 ரூபாய் வந்துகொண்டிருந்த செல்போன் பில், 2013 நவம்பர்–டிசம்பரில் 24,609 ரூபாயாக வந்தது. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வோடஃபோன் ஐடியா உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. செல்போன் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு மாத பில்லைக் கேட்கப்போனவருக்கு, கேட்கும் இடம் எது என்று தெரியவே எட்டு வருடம்.

இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கம்பெனிக்குள்ளேயே முதலில் புகார் எண், திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் இருக்கிறது. இதையெல்லாம் குடையடியில் யாராவது சொன்னார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றே: தள்ளுபடி தருவதாகச் சொன்னதற்கு ஆதாரம் என்ன? எங்களிடம் இருப்பது வாய்ப்பேச்சு. எங்கள் ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பது பாடு முறைப்படி நடக்கிறது. முறை வைத்து ஊர் கூடிச் சொன்னது சொன்னதுதான். மீறினால் ஊர் கேட்கும். சொல்லை ஒப்பந்தமாக மதித்துப் பழகிய சனங்களிடம் வந்து, சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

மாதம் 200, வருடத்துக்கு 2,400. இதற்காகத் தொழிலை விட்டுவிட்டுத் திருவள்ளூருக்கு அலைவார்களா என்ற தைரியம்தான் கம்பெனிக்கு. மீன்பிடித் தடைக்கால நிவாரணமாக ஒரு குடும்பத்துக்கு அரசு தருவது 8,000 ரூபாய். அதில் முப்பது விழுக்காடு இந்த ஒரே தள்ளுபடி. சென்னையில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரிகிறதோ, எங்களுக்கு இது சில்லறை இல்லை.

ரிங்டோன், ஜோசியம் மாதிரிச் சேவைகளைக் கேட்காமலே போட்டுப் பணம் பிடித்த காலத்தில், வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் தெரிவிக்காமல் அவற்றைத் தொடங்கக்கூடாது என்று டிராய் 2013-ல் உத்தரவு போட்டது. ஒரு ரிங்டோனுக்கு உள்ள பாதுகாப்பு வருடம் முழுவதற்குமான பில்லுக்கு ஏன் இல்லை? கம்பெனி மாறும் முன்பு, வரியோடு சேர்த்து மாதத்துக்கு எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு, எத்தனை மாதம், என்ன நிபந்தனை என்று நான்கு வரித் தமிழ்க் குறுஞ்செய்தி வர வேண்டும். படித்துப் பார்த்துச் சம்மதம் அனுப்பினால்தான் இணைப்பு மாற வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே குரலில் சொல்லலாம், விளம்பரத்துக்கு அந்த வசதி இருக்கத்தானே செய்கிறது. சொன்ன தள்ளுபடி முதல் பில்லில் இல்லை என்று புகார் பதிவானால், அந்த இணைப்புக்கு 90 நாள் தடையும் தகராறில் உள்ள தொகையைக் காட்டி மறிப்பதும் கூடாது. இது டிராய் செய்ய வேண்டியது.

மாநில அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உணவுப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் பழவேற்காட்டில் ஒருநாள் உட்கார்ந்து, பில்லைக் கொண்டுவருகிறவர்களின் புகாரை அங்கேயே பதிந்து கொடுக்கட்டும். மீனவர் குறைதீர் கூட்டத்தில் டீசல் மானியத்துக்கு இடமிருப்பது போல இதற்கும் ஒரு மேசை போடலாம். மாவட்ட ஆட்சியரும் பொன்னேரி சப்-கலெக்டரும் மனது வைத்தால் இதற்குத் தனி உத்தரவு எதுவும் தேவைப்படாது.

இதைப் படிக்கும் குப்பத்து மக்களுக்கு ஒரு வார்த்தை. குடையடியில் யார் எந்தத் தள்ளுபடி சொன்னாலும், அதை அவர் போனிலிருந்து உங்கள் போனுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் ஆதார் அட்டையை வெளியே எடுக்காதீர்கள். ஏற்கனவே மாறிவிட்டவர்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு 1915-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்,
கோட்டைக்குப்பம், பழவேற்காடு,
திருவள்ளூர் மாவட்டம்.